சோவெட்டோ டெர்பிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்காக நான் இரண்டு முறை ஜோகன்னஸ்பர்க் போக வேண்டியிருந்தது. முதல் முறை, நான் விமான டிக்கெட் எடுத்த பிறகு ஆட்டத்தின் தேதி நகர்ந்துவிட்டது. பூட்டிக் கிடந்த எஃப்.என்.பி. மைதானத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். இரண்டாம் முறை 14 வயது அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டம் பார்த்தோம். ஆனால் அதற்கு முன்னால் காகிதங்களோடு மல்லுக்கட்டியதில் மூன்று மாதம் போனது.

ஒரே ஊர் அணிகள் மோதும் ஆட்டத்தை டெர்பி என்பார்கள். ஜோகன்னஸ்பர்கின் சோவெட்டோ பகுதியில் பிறந்த கைசர் சீஃப்ஸும் ஒர்லாண்டோ பைரட்ஸும் மோதும் ஆட்டம்தான் சோவெட்டோ டெர்பி. தென்னாப்பிரிக்கக் கால்பந்தை ஒரே நாளில் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி. இங்கிருந்து போகிறவர்கள், குறிப்பாக வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், நான் இடித்துக்கொண்ட இடத்திலெல்லாம் இடித்துக்கொள்ள வேண்டாமே என்று இதை எழுதுகிறேன்.

1. ஆட்டத் தேதியை நம்பி விமான டிக்கெட் எடுக்காதீர்கள்

அங்கே லீக் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே வரை போகும். லீக்கில் இரண்டு அணிகளும் பருவத்துக்கு இரண்டு முறை மோதும். கோப்பைப் போட்டிகளில் சீட்டு எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்து மூன்றாவதும் அமையலாம். 2025 மே 10 அன்று நெட்பேங்க் கோப்பையின் இறுதி ஆட்டமே டெர்பியாக அமைந்தது. டர்பனில் நடந்தது, சீஃப்ஸ் 2-1 என்று ஜெயித்தது. பத்து வருடமாகக் கோப்பையே பார்க்காமல் இருந்த அணி அது.

சிக்கல் என்னவென்றால், பருவத் தொடக்கத்தில் வெளியாகும் அட்டவணை கல்வெட்டு அல்ல. ஆப்பிரிக்கக் கண்ட அளவிலான கிளப் போட்டி, கோப்பை ஆட்டம், தேசிய அணியின் ஆட்டம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால் டெர்பி ஒரு வாரமோ ஒரு மாதமோ நகரும். அதனால் நாளைக் குறிவைக்காதீர்கள், வாரத்தைக் குறிவையுங்கள். உத்தேசத் தேதிக்கு முன்னும் பின்னும் ஐந்து நாளாவது கையில் இருக்கட்டும். தேதி மாற்றிக்கொள்ள வசதியுள்ள விமான டிக்கெட்டுக்குக் கூடுதலாகச் சில ஆயிரம் போனாலும் போகட்டும். நான் முதல் முறை அதில் மிச்சம் பிடித்துத்தான் மொத்தத்தையும் விட்டேன்.

ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகல். நம் நேரம் அங்கேயுள்ளதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உங்களைத் தேடப்போகிறவர்களுக்கு அதைச் சொல்லிவையுங்கள்.

நல்ல கால்பந்து மட்டும்தான் வேண்டும் என்றால் பிரிட்டோரியாவின் மமெலோடி சன்டவுன்ஸ் ஆட்டத்துக்குப் போகலாம். 2018 முதல் 2025 வரை லீக் பட்டத்தைத் தொடர்ந்து எட்டு முறை வென்றவர்கள். டெர்பியில் ஆட்டம் சில சமயம் சப்பென்று இருக்கும். கூட்டம் ஒருநாளும் அப்படி இருக்காது.

2. விசா: பெயரில்தான் கண்டம்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். விண்ணப்ப மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். கேட்கும் காகிதங்கள் எதிர்பார்க்கக்கூடியவைதான்: பூர்த்தி செய்த படிவம், இரண்டு வெற்றுப் பக்கமாவது உள்ள கடவுச்சீட்டு, புகைப்படம், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், தங்குமிடப் பதிவு, போக வர விமானப் பதிவு, எதற்குப் போகிறீர்கள் என்று ஒரு கடிதம். வேலையில் இருந்தால் அலுவலகத்திலிருந்து விடுப்புக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னணு அனுமதி முறையும் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. அதனால் விண்ணப்பிக்கிற வாரத்தில் அதிகாரபூர்வத் தளத்தில் பட்டியலை மறுபடி பாருங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்ன பட்டியலை நம்ப வேண்டாம், என் பட்டியலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் பலருக்குக் காலியாக இருக்கும், இல்லையென்றால் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக உட்கார்ந்திருக்கும். விசா படிவத்தில் ஒரு மாதிரியும் விமான டிக்கெட்டில் இன்னொரு மாதிரியும் போட்டுவிட்டால் விளக்கம் சொல்லியே நாள் போகும். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்னால் விமான நிறுவனத்தைக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி போடுங்கள்.

விசா கைக்கு வரும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவில் ஒரு மாதம் இருக்கிற மாதிரி விண்ணப்பியுங்கள்.

3. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் தனிக் கட்டு

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்தில் தென்னாப்பிரிக்கா கறார். ஆள்கடத்தலைத் தடுக்கப் போட்ட விதி. நீங்கள் பெற்றோராக இல்லாமல் மாமா, சித்தி, பயிற்சியாளர் என்று போனால் இவை வேண்டும்:

தாய் தந்தை இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ். இருவரும் சம்மதம் தந்து கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம். இருவருடைய கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை நகல். இருவரையும் தொடர்புகொள்ளும் விவரம். பெற்றோரில் ஒருவர் மட்டும் கூட வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதம்.

எங்கள் கதை பிறப்புச் சான்றிதழிலேயே நின்றது. பிள்ளை பிறந்தபோது மருத்துவமனை வழியாகப் பதிவான சான்றிதழ், அதில் குழந்தை பெயர் என்ற இடம் காலி. பள்ளியில் சேர்க்கிறபோது யாரோ கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்கள். பெயர் சேர்க்க மூன்று வாரம் அலைந்தோம். உங்கள் வீட்டில் உள்ளதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லையென்றால், ஆட்டம் பார்க்கப் போகாவிட்டாலும்கூடச் சேர்த்துவிடுங்கள்.

சம்மதப் பத்திரத்தைப் பழையதாக எடுத்துப் போகாதீர்கள், பயணத்துக்காகப் புதிதாக எழுதுங்கள். விசா விண்ணப்பத்தில் கொடுத்துவிட்டோமே என்று அசலை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பவும் வேண்டாம். சென்னை விமான நிலையத்தில் எங்களிடம் கேட்டார்கள்.

4. எந்த ஊர் வழியாகப் போகிறீர்கள் என்பதும் ஒரு காகிதம்தான்

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. துபாய், தோஹா வழி கொஞ்சம் விலை கூடும். அடிஸ் அபாபா, நைரோபி வழி சில வாரங்களில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கிப் போனால் தென்னாப்பிரிக்காவில் இறங்கும்போது தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் அந்த வழியாக வருகிறவர்களிடம் கேள்வி உண்டு. சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். கடைசி வாரத்தில் மலிவு டிக்கெட்டைப் பார்த்ததும் தாவுகிறவர்கள் இந்தப் பத்து நாளில்தான் விழுகிறார்கள்.

5. ஆட்டத்துக்கான டிக்கெட்

இறங்கியதும் முதல் வேலை சிம் கார்டு. அங்கே பதிவு செய்யாமல் சிம் ஓடாது. கடவுச்சீட்டும் தங்கும் முகவரிக்கு ஏதாவது சான்றும் கேட்பார்கள். விடுதியில் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எல்லாம் இணையத்தில். மைதானத்தில் 94,000க்கு மேல் இருக்கை இருந்தும் டெர்பிக்கு முழுதும் விற்றுத் தீர்வது உண்டு. ஆட்ட நாளில் வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். விற்பனை தொடங்கும் அறிவிப்பு இரண்டு கிளப்புகளின் சமூக ஊடகப் பக்கங்களில் வரும். அவற்றை இப்போதே பின்தொடரத் தொடங்குங்கள்.

நான் திணறிய இடங்கள் இரண்டு. கணக்கு தொடங்கும்போது அடையாள எண் கேட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு 13 இலக்க எண். நான் கடவுச்சீட்டு எண்ணைப் போட, தப்பு தப்பு என்று சிவப்பாகவே காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ‘கடவுச்சீட்டு’ என்று மாற்ற ஒரு சின்னத் தேர்வு இருந்ததை அரை மணி நேரம் கழித்துத்தான் கண்டேன். அடுத்தது பணம் கட்டுவது. என் வங்கி அனுப்பிய ஓடிபி ஊரில் அணைத்துவைத்திருந்த எண்ணுக்குப் போனது. கிளம்புவதற்கு முன்பே அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள், இந்திய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். எனக்குக் கடைசியில் ஒரு சூப்பர்மார்க்கெட் கவுன்டரில் ரொக்கம் கொடுத்துத்தான் காரியம் ஆனது.

சாதாரண இருக்கை நான் போனபோது 100 ராண்டை ஒட்டி. ஒரு ராண்டுக்குச் சுமாராக ஐந்து ரூபாய் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு டிக்கெட் 500 ரூபாய் என்றதும் சிரிப்புதான் வந்தது.

வாட்ஸப்பில் டிக்கெட் படத்தை அனுப்பி விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். ஒரே கியூஆர் குறியைப் பத்துப் பேருக்கு விற்பார்கள். முதலில் போகிறவர் உள்ளே, மற்ற ஒன்பது பேர் வாசலில்.

6. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

“யார் ஆள் நீ?” என்று விமான நிலையத்து டாக்ஸி ஓட்டுநரிலிருந்து விடுதியில் பெருக்குகிறவர் வரை கேட்பார்கள். “ரெண்டும் பிடிக்கும்” என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முடிவோடு போங்கள்.

பைரட்ஸ் மூத்தவர்கள், 1937இல் தொடங்கியது. கறுப்பு வெள்ளை, மண்டையோட்டுச் சின்னம். முன்னங்கைகள் இரண்டையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி காட்டினால் நீங்கள் பைரட்ஸ். 1995இல் ஆப்பிரிக்காவின் கிளப் சாம்பியன் ஆனார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து முதல் அணி. அந்த வெற்றிக்கான நட்சத்திரத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு இன்றுவரை எதிராளியைச் சீண்டுகிறார்கள்.

சீஃப்ஸ் பைரட்ஸின் வயிற்றில் பிறந்த பிள்ளை. பைரட்ஸில் ஆடிய கைசர் மோட்டாங் 1968இல் அமெரிக்காவின் அட்லாண்டா சீஃப்ஸ் அணிக்குப் போனார். திரும்பி வந்து 1970இல் சொந்தமாக அணி தொடங்கி, தன் பெயரையும் அந்த அமெரிக்க அணியின் பெயரையும் சேர்த்து வைத்தார். பொன்னிறமும் கறுப்பும். இரண்டு விரலை விரித்துக் காட்டுவது இவர்கள் அடையாளம். அமாகோசி என்று கூப்பிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு முன்கூட்டியே இரண்டு மூன்று சொல் கற்றுக்கொடுங்கள். டிஸ்கி என்றால் கால்பந்து. ஷிபோபோ என்றால் எதிராளியின் கால்களுக்கு நடுவே பந்தை விட்டு எடுப்பது. அதற்குக் கோலுக்கு நிகரான ஆரவாரம் கிளம்பும். கோல் விழுந்தால் “லதூமா!” ஜூலு மொழியில் ‘இடி இடித்தது’ என்று பொருள். ஐரோப்பிய லீக் மட்டுமே பார்த்து வளர்ந்த என் மருமகன், பந்தை வைத்து வித்தை காட்டிக்கொண்டு நிற்கிற ஆட்டக்காரரைப் பார்த்து “டைம் வேஸ்ட் பண்றான் மாமா” என்றான். சுற்றியிருந்த ஆயிரம் பேர் அதற்குத்தான் எழுந்து நின்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அதுதான் ஆட்டம். இடைவேளைக்குள் அவனும் எழுந்து நின்றான்.

சட்டை வாங்குவதென்றால் கிளப் கடையில் அசல் 1,000 ராண்ட் அளவில் வரும். எனக்கு அது அதிகம், சால்வை போதும். மகராபா என்று ஒன்று விற்பார்கள், சுரங்கத் தொழிலாளர் தலைக்கவசத்தை வெட்டி, கொம்பும் சிறகுமாக நிமிர்த்தி வர்ணம் பூசியது. ஆல்ஃபிரட் பலோயி என்ற சீஃப்ஸ் ரசிகர், மேலிருந்து வந்த பாட்டில் ஒருவர் தலையில் பட்டதைப் பார்த்துத் தலைக்கவசத்தோடு வரத் தொடங்கினார். பிறகு அதற்கு வர்ணம், பிறகு கொம்பு என்று அது ஒரு கலையாகவே ஆகிவிட்டது. வாங்குங்கள். விமானத்தில் கொண்டுவர அட்டைப் பெட்டி கேட்டு வாங்க மறக்காதீர்கள். எங்களுடையதில் ஒரு கொம்பு வழியில் உடைந்தது.

7. மைதானத்துக்குப் போய்ச் சேர்வது

எஃப்.என்.பி. மைதானம் சோவெட்டோவின் ஓரத்தில் நாஸ்ரெக்கில் இருக்கிறது. சுரைக்குடுக்கை வடிவம். ரேயா வாயா பேருந்துக்கு மைதானத்தை ஒட்டியே நிறுத்தம் உண்டு. அதில் காசு வாங்க மாட்டார்கள், அட்டையில் பணம் ஏற்றியிருக்க வேண்டும். முந்தின நாளே அட்டை வாங்கி, ஆட்ட நாளில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மினிபஸ் டாக்ஸியில் உள்ளூர்க்காரர் துணையோடு போகலாம். பின் வரிசையிலிருந்து காசு கை மாறி முன்னே போகும், சில்லறை அதே வழியில் பின்னே வரும். முன் இருக்கையில் உட்கார்ந்தால் கணக்குப்பிள்ளை வேலை உங்கள் தலையில். கணக்கில் சுமாரானவர்கள் பின்னால் ஏறுங்கள்.

செயலி டாக்ஸியில் போவது எளிது, அதில் திரும்புவதுதான் கஷ்டம். அதைக் கடைசியில் சொல்கிறேன். சொந்தக் காரில் வரும் நண்பர் இருந்தால் நிறுத்துமிட அனுமதியையும் டிக்கெட்டோடு முன்பே வாங்கச் சொல்லுங்கள்.

8. வாசல்: இந்த ஒன்றை மட்டும் தாண்டிப் படிக்காதீர்கள்

இந்த இரண்டு அணிகளின் ஆட்டங்களில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1991 ஜனவரியில் ஆர்க்னியில் 42 பேர். 2001 ஏப்ரல் 11, எல்லிஸ் பார்க்கில் 43 பேர். 2017 ஜூலையில் இதே எஃப்.என்.பி. வாசல் நெரிசலில் இரண்டு பேர். எல்லிஸ் பார்க்கில் நிரம்பிவிட்ட மைதானத்துக்குள் வெளியே நின்ற கூட்டம் முண்டியதுதான் காரணம்.

எனவே ஆட்டம் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் வாசலில் நிற்கும் கூட்டத்தின் நடுவே பிள்ளையோடு இருக்கக் கூடாது. வழியில் ஏதோ ஆகி நேரமாகிவிட்டால் ஓடாதீர்கள். கூட்டம் முண்டினால் பின்வாங்கி ஓரமாக நின்று, முதல் பாதி போனாலும் பரவாயில்லை என்று காத்திருங்கள். உள்ளே கோல் சத்தம் கேட்கும்போது கால் தானாக ஓடும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

டிக்கெட்டைக் கைபேசியில் படமாகச் சேமியுங்கள், காகிதத்திலும் ஒன்று அச்சடித்து வையுங்கள். அத்தனை பேர் கூடும் இடத்தில் நெட்வொர்க் திணறும். அசல் கடவுச்சீட்டைக் கொண்டுபோக வேண்டாம். நகல் எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்தால் அசலோடு ஒப்பிட்டு முத்திரை குத்தித் தருவார்கள், கட்டணம் இல்லை. கண்ணாடி பாட்டில், டின், குடை, பெரிய பை எதுவும் உள்ளே விடமாட்டார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஜோகன்னஸ்பர்கில் பிற்பகல் இடிமழை சகஜம் என்பதால், மடித்துப் பையில் போடும் மழைச்சட்டை நல்லது. மே மாதம் என்றால் ஸ்வெட்டர். 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், வெயில் சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும்.

9. உள்ளே

ரசிகர்களைப் பக்கம் பிரித்து உட்காரவைப்பதில்லை. கறுப்பு வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் பொன்னிறச் சட்டை. ஒரே வீட்டிலிருந்து அண்ணன் அப்படியும் தம்பி இப்படியும் வந்திருப்பார்கள். கிண்டல் பலமாக இருக்கும், அதைச் சண்டை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். எனக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் தொண்ணூறு நிமிடமும் என்னை “மாலூமே” என்றே கூப்பிட்டார். ஜூலுவில் தாய்மாமன் என்று அர்த்தமாம். என் மருமகனுக்கு அன்றைக்கு எல்லா கோலையும்விட அதுதான் பிடித்துப்போனது.

வுவுசேலா என்ற நீள ஊதுகுழலின் சத்தத்துக்குப் பிள்ளைகளுக்குக் காதடைப்பான் கொண்டுபோங்கள். பெருமைக்காக வேண்டாம் என்பார்கள், பத்தாவது நிமிடம் கேட்பார்கள்.

ஆட்டம் தொடங்கும் வரை நேரம் நிறைய இருக்கும். அப்போது இதைச் சொல்லிக்கொடுங்கள்: 1990 பிப்ரவரியில் சிறையிலிருந்து வெளியே வந்து இரண்டு நாள் கழித்து நெல்சன் மண்டேலா பேசியது இந்த மைதானத்தில். 1996 பிப்ரவரி 3 அன்று ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்கா துனிசியாவை 2-0 என்று வென்றதும் இங்கேதான்; மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மார்க் வில்லியம்ஸ் இரண்டையும் அடித்தார். பிறகு மைதானத்தைப் பெரிதாக்கிக் கட்டினார்கள். 2010 ஜூன் 11, உலகக் கோப்பையின் முதல் கோல், சீஃப்ஸ் ஆட்டக்காரர் சிபிவே ஷபலாலாவின் இடது காலிலிருந்து.

சாப்பாடு வெளியே தெருவோரத்தில்தான் ருசி. கோட்டா கேளுங்கள்: கால் ரொட்டியைக் குடைந்து உருளை வறுவல், முட்டை, இறைச்சி என்று அடைத்து, மேலே ‘அச்சார்’. நம் பக்கத்து ஊறுகாய் அங்கே டர்பன் இந்தியர்கள் வழியாகப் போய்ச் சோவெட்டோ ரொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. 40, 50 ராண்டில் வயிறு நிறையும். சைவக்காரர்கள் இறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

10. திரும்புவது

விசில் ஊதியதும் எழுந்து ஓடாதீர்கள். நாங்கள் ஓடினோம். வெளியே வந்து செயலியைத் திறந்தால் வண்டியே காட்டவில்லை, காட்டியபோது கட்டணம் மூன்று மடங்கு, ஓட்டுநர் எந்த வாசலில் நிற்கிறார் என்று அவருக்கும் தெரியவில்லை எனக்கும் தெரியவில்லை. இருட்டிவிட்டது. ஒரு மணி நேரம் அல்லாடினோம்.

முன்பே ஒரு ஓட்டுநரிடம் பேசி, மைதானத்திலிருந்து சற்றுத் தள்ளி வெளிச்சமான ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் தராதீர்கள். முக்கால் மணி நேரம் இருக்கையிலேயே இருந்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வாருங்கள். கைபேசி முன்பக்கப் பையில், கையில் அல்ல. தனியாகக் குறுக்குவழியில் நடக்க வேண்டாம்.

11. எவ்வளவு ஆகும்

எங்கள் இருவருக்கு ஆனதைச் சொல்கிறேன்: விமானம் ஆளுக்கு 70,000 ரூபாயை ஒட்டி. விடுதி அறை இரவுக்கு 800 ராண்ட். ஊருக்குள் போக்குவரத்து ஒரு நாளைக்கு 300 முதல் 400 ராண்ட். விசா மையத்தின் சேவைக் கட்டணம், நோட்டரி, நகல் என்று சில்லறையாகவே சில ஆயிரம் போனது. ஆட்டத்துக்கான டிக்கெட்தான் எல்லாவற்றிலும் குறைவு.

இத்தனைக்கும் பிறகு டெர்பி டிக்கெட் கிடைக்காமல் போனால், ஒர்லாண்டோ ஸ்டேடியத்தில் பைரட்ஸின் ஏதாவது ஒரு சாதாரண லீக் ஆட்டத்துக்குப் போங்கள். 40,000 பேர் கொள்ளும் மைதானம், பாதிதான் நிரம்பியிருக்கும், வாசலில் நெரிசல் இல்லை, ஆட்டக்காரர்கள் பக்கத்தில் தெரிவார்கள். பாட்டு அதேதான். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் முதலில் இங்கே ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் டெர்பிக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழ்தான் ஏற்கெனவே சரியாகிவிட்டதே.